அப்பாவின் மணிவிழாப் படத்துக்குக் குன்னூரில் என்ன உடுத்துவது?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு அறுபது நிறைந்து மணிவிழா முடிந்திருக்கிறது. பொங்கல் விடுமுறையில் அப்பா, அம்மா, அக்கா, அக்காவின் கணவர், அவர்களுடைய நான்கு வயது மகள், நீங்கள், உங்கள் கணவர் ஆக ஏழு பேரும் ஈரோட்டிலிருந்து குன்னூருக்கு வந்து, ஒரு காலைப் பொழுதில் தேயிலைத் தோட்டத்திலும் சிம்ஸ் பூங்காவிலும் குடும்பப் படம் எடுத்துக்கொள்ள விரும்புகிறீர்கள். படம் எடுக்கப்போகிறவர், எல்லோரும் ஒரே நீல நிறத்தில் வந்தால் நன்றாக இருக்கும் என்கிறார். அம்மாவோ மணிவிழாவுக்கு எடுத்த, அரக்கு பார்டர் போட்ட இலைப்பச்சைக் காஞ்சிப் பட்டைத்தான் கட்டுவேன் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது, மற்றவர்கள் என்ன உடுத்துவது, குளிருக்கு என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

அம்மா சொல்வதைக் கேளுங்கள். குடும்பப் படத்தில் யாரேனும் ஒருவருடைய உடைக்குப் பின்னால் ஒரு காரணம் இருக்குமானால், அந்த உடையிலிருந்துதான் மற்ற எல்லாவற்றையும் தொடங்க வேண்டும் என்பது குன்னூரில் இதையே தொழிலாகச் செய்துவரும் எனக்கு உறுதியாகத் தோன்றும் முடிவு. மணிவிழாப் புடவை மணிவிழாவை ஒட்டி எடுக்கும் படத்தில் இருப்பதே முறை. மற்ற ஆறு பேரின் உடை, நிற்கும் இடம், படம் எடுக்கும் நேரம் ஆகிய மூன்றையும் அந்தப் புடவைக்கு ஏற்ப அமைத்துக்கொள்ள முடியும். அதற்கு மலையின் வெளிச்சம் எப்படிப்பட்டது என்று கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். ஈரோட்டில் கடைக் கண்ணாடி முன் நின்று நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்த துணி இங்கே வேறு மாதிரி தெரிவதற்கு அந்த வெளிச்சம்தான் காரணம்.

ஒரே நிறத்தில் எல்லோரும் வருவதை நான் ஏன் ஏற்கவில்லை என்றால், குடும்பப் படத்தில் ஆட்கள் நெருங்கித்தான் நிற்பார்கள். தோளோடு தோள் உரசும். ஏழு பேரும் ஒரே நீலத்தில் இருந்தால் ஒருவருடைய தோள் எங்கே முடிகிறது, அடுத்தவருடைய கை எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குத் தெரியாமல், நடுவில் ஒரு பெரிய நீலப் பரப்பும் அதன் மேல் ஏழு தலைகளும் மட்டும் எஞ்சும். அதிலும் ஒவ்வொருவரும் தனித்தனிக் கடையில் வாங்கிய நீலம் ஒன்றாக இருக்காது. பருத்தியில் ஏறிய சாயமும் பாலியெஸ்டரில் ஏறிய சாயமும் வீட்டுக் கூடத்தில் ஒன்றாகத் தெரிந்தாலும் வெயிலில் வேறுபட்டுவிடும். ஒன்றாக இருக்க வேண்டும் என்று முயன்றது தெரிந்து, ஒன்றாக இல்லாததும் தெரிந்தால், பார்க்கிறவர் கண் முகத்தை விட்டுவிட்டுச் சட்டைகளை ஒப்பிட ஆரம்பித்துவிடும்.

இனி அந்தப் பச்சைப் புடவைக்கு வருவோம். தேயிலைக்கு முன்னால் இலைப்பச்சை நன்றாக இருக்காது என்று உங்கள் படக்காரர் தயங்கியிருப்பார்; அந்தத் தயக்கத்தில் நியாயம் உண்டு. தேயிலைச் செடியின் மேல்பரப்பில் இருக்கும் கொழுந்து மஞ்சள் கலந்த இளம்பச்சை. அதற்குக் கீழே உள்ள முற்றிய இலை கரும்பச்சை. உங்கள் அம்மாவின் புடவை இந்த இரண்டுக்கும் நடுவில் விழுகிறது. இடுப்பளவு தேயிலைக்கு நடுவே அவரை நிற்க வைத்தால் புடவை செடியோடு கரைந்து, அரக்கு பார்டர் மட்டும் தனியாக ஒரு கோடாக ஓடும். ஆனால் அதே தோட்டத்தில், வரிசைகளுக்கு இடையே செல்லும் செம்மண் பாதையிலோ எஸ்டேட் சாலையிலோ அவர் நின்றால் காலுக்குக் கீழே சிவப்பும், பின்னால் சில்வர் ஓக் மரங்களின் சாம்பல் நிற அடிமரங்களும் வந்து, புடவை தனித்து நிற்கும். பட்டுக்கு இருக்கும் மினுமினுப்பு இலைக்கு இல்லை என்பதும் உதவும். குழுவாக நிற்கும்போது அவரை நடுவில் வைத்து, இரு பக்கமும் பின்னாலும் அரக்கும் சந்தனமும் உடுத்தியவர்களை நிறுத்திவிட்டால், அவருடைய பச்சைக்கு அடுத்து தேயிலையின் பச்சை எங்குமே வராது.

செடிகளுக்குள் புகுந்து நிற்பதைத் தவிர்க்க வேண்டியதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. வெயில் பட்ட இலைகள் பச்சை ஒளியைக் கீழிருந்து மேலே எறியும். அது தாடைக்கு அடியிலும் கழுத்திலும், வெளிர்நிறச் சட்டையின் கைகளிலும் மெல்லிய பச்சைச் சாயலாகப் படியும். நேரில் பார்க்கும்போது நம் மூளை இதைச் சரிசெய்துகொள்வதால் தெரியாது, படத்தில் தெரியும். முகத்தில் படிந்த பச்சையைப் பின்னால் கணினியில் எடுப்பது மிகவும் சிரமமான வேலை. செடிகளிலிருந்து நாலைந்து அடி விலகி நின்றாலே இது பெரும்பாலும் போய்விடும்.

சிம்ஸ் பூங்கா வேறு வகை இடம். 1874-இல் தொடங்கப்பட்ட அந்தப் பூங்கா ஒரு பள்ளத்தாக்கின் சரிவில் அமைந்திருப்பதால் வெயில் அங்கே தாமதமாகத்தான் இறங்கும். பெரிய மரங்களின் நிழலும் உண்டு. அங்கே பின்னணியில் அடிமரங்களின் பழுப்பும் நிழலின் கருமையும் கிடைப்பதால் அம்மாவின் புடவைக்கு அதுவே மிகப் பொருத்தமான இடம். அப்பாவும் அம்மாவும் மட்டும் நிற்கும் படத்தைத் தேயிலையில் எடுக்காமல் பூங்காவில் எடுக்கச் சொல்லுங்கள்.

மற்றவர்களுக்கான நிறங்களைப் புடவையிலேயே தேடலாம். பார்டரில் அரக்கு இருக்கிறது. ஜரிகையில் ஒரு மங்கிய பொன் மஞ்சள் இருக்கிறது. இந்த இரண்டோடு சந்தன நிறத்தையும், ஒரே ஒருவருக்கு மட்டும் ஆழ்ந்த கருநீலத்தையும் சேர்த்துக்கொண்டால் ஏழு பேருக்கும் போதும். அரக்கு என்று சொல்லும்போது அதன் அண்டை நிறங்களான செங்கல், பாக்கு, காப்பிக்கொட்டை ஆகியவற்றையும் சேர்த்தே சொல்கிறேன். பொன் மஞ்சள் என்னும்போது கடுகு மஞ்சளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அக்கா கடுகு மஞ்சளில் ஒரு பருத்திப் புடவையும், நீங்கள் அரக்கிலோ கத்தரிப்பூ நிறத்தின் ஆழ்ந்த சாயலிலோ ஒரு கோரா காட்டனும் கட்டலாம். அம்மாவின் பட்டுக்குப் பக்கத்தில் நீங்கள் இருவரும் பட்டு கட்டாமல் இருப்பதே நல்லது. மூன்று பட்டுகள் ஒன்றோடொன்று போட்டியிடும், பருத்தி ஒதுங்கி நின்று பட்டை எடுத்துக் காட்டும். அக்காவின் கணவருக்குக் கருநீலச் சட்டை. உங்கள் கணவருக்குச் செங்கல் நிறமோ காப்பிக்கொட்டை நிறமோ பொருந்தும். கிளிப்பச்சை, எலுமிச்சை மஞ்சள், ராணி நிறம் என்று கடைகளில் சொல்லும் அந்தப் பளிச்சென்ற இளஞ்சிவப்பு, ஒளிரும் ஆரஞ்சு ஆகிய நான்கையும் யாரும் அணிய வேண்டாம்.

அப்பாவின் வேட்டியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் மலைக்கு வரும் குடும்பங்களில் அதிகம் கெட்டுப்போவது வெள்ளை நிறம்தான். ஒளி மஞ்சள் சாய்ந்ததா நீலம் சாய்ந்ததா என்று சொல்லும் அளவுக்கு நிறவெப்பநிலை என்று பெயர்; எண் கூடக் கூட நீலம் கூடும். வெட்டவெளியில் நடுப்பகல் வெயிலுக்கு அது ஏறத்தாழ 5500 கெல்வின். அதில் வெள்ளை வெள்ளையாகத் தெரியும். மரநிழலிலோ கட்டட நிழலிலோ நேர் வெயில் இல்லாமல் நீல வானத்தின் ஒளி மட்டும் விழும்போது அது 7000 கெல்வினைத் தாண்டிப் போகும். அதாவது நிழல் நீலமாக இருக்கும். ஜனவரியில் மழை ஓய்ந்து வானம் துடைத்துவிட்டது போல் இருக்கும் நாட்களில் இந்த நீலம் இன்னும் கூடுதலாகத் தெரியும். இது ஒரு பக்கம். மறுபக்கம், நாம் வேட்டிக்கு நீலம் போடுகிறோம். சலவைத்தூள்களிலும் துணியை வெளுப்பாகக் காட்டும் பொருட்கள் கலந்திருக்கின்றன. அந்தப் பொருட்கள் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை வாங்கிக்கொண்டு நீல ஒளியாகத் திருப்பிவிடுபவை. கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிரின் அளவு பத்து விழுக்காட்டை ஒட்டிக் கூடும். குன்னூர் ஏறத்தாழ 1850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆகவே ஈரோட்டில் பால்போல் இருந்த வேட்டியும் சட்டையும் சிம்ஸ் பூங்கா நிழலில் ஊதா கலந்த நீல வெள்ளையாகப் படத்தில் வந்து நிற்கும். அந்த நீலத்தைப் போக்கப் படத்தை மஞ்சளாக்கினால் முகம் மஞ்சளாகிவிடும்.

இதற்குத் தீர்வு எளிது. நீலம் போடாத, வெளுக்காத, இயல்பாகவே சற்று மஞ்சள் சாய்ந்த வேட்டியை அப்பா கட்டட்டும். மணிவிழாவுக்குப் பட்டு வேட்டி எடுத்திருப்பீர்கள். பட்டு வேட்டியின் பால்மஞ்சள் இதற்கென்றே அமைந்தது. சட்டையும் தூய வெள்ளையாக இல்லாமல் சந்தனமாக இருக்கட்டும். அங்கவஸ்திரம் போட்டுக்கொள்வதானால் அதில் அரக்குக் கரை இருந்தால் அம்மாவின் புடவைப் பார்டரோடு அது பேசும். படத்தில் இருவரும் ஒரு ஜோடி என்று காட்ட அந்த ஒரு கரை போதும்.

வெள்ளையில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. நம்மில் பெரும்பாலோர் மாநிறமோ கருநிறமோ கொண்டவர்கள். படத்தின் பெரும்பகுதியைத் தூய வெள்ளைத் துணி அடைத்துக்கொண்டால், தானாக வெளிச்சத்தை அளந்துகொள்ளும் கேமரா 'வெளிச்சம் அதிகம்' என்று கணக்கிட்டுப் படத்தைக் குறைத்து எடுக்கும். துணி சரியாக வரும், முகம் இருண்டுவிடும். முகத்துக்கு ஏற்ப வெளிச்சத்தைக் கூட்டினால் வேட்டியின் மடிப்புகள் எல்லாம் அழிந்து வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். தேர்ந்த கலைஞர் இதைச் சமாளிப்பார், ஆனால் முகத்தைச் சரியாகக் காட்டுவதில் செலவழிக்க வேண்டிய கவனத்தை அவர் வேட்டியில் செலவழிக்க நேரும். நிறம் குறைந்தவர்கள் வெளிர் உடுத்தினால்தான் எடுப்பாக இருக்கும் என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். படத்தில் நேர்மாறாகத்தான் நடக்கும். கருத்த முகத்துக்கு அரக்கும் கடுகு மஞ்சளும் மயில்கழுத்தும் தரும் செழிப்பை வெளிர் நீலமோ வெளிர் ரோஜாவோ ஒருபோதும் தருவதில்லை. இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம், ஒவ்வொரு குடும்பத்திலும் யாரோ ஒருவர் தன் நிறத்துக்கு இது ஒத்துவராது என்று தனக்குப் பிடித்த புடவையைப் பெட்டியிலேயே வைத்துவிட்டு வருகிறார் என்பதுதான்.

சிவப்பு பற்றி ஓர் எச்சரிக்கை. மிளகாய்ப்பழச் சிவப்பு பச்சை மலைக்கு எதிரே அழகாகத் தெரியும் என்பது உண்மை. நிறச் சக்கரத்தில் சிவப்பும் பச்சையும் எதிரெதிரே இருப்பவை. ஆனால் கேமராவின் உணரி சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று வகையாக ஒளியை வாங்குகிறது. மிகப் பளிச்சென்ற சிவப்பில் சிவப்புப் பகுதி மட்டும் நிரம்பி வழிந்து, துணியின் நெசவும் மடிப்பும் காணாமல் போகும். போதாததற்கு அந்தச் சிவப்பு தாடையின் அடியிலும் பக்கத்தில் நிற்பவரின் கன்னத்திலும் படியும். அதனால்தான் அரக்கு என்றேன். சிவப்பின் செழுமை அதில் இருக்கிறது, வழிந்தோடும் தன்மை இல்லை.

அடுத்தது மூடுபனி. சமவெளியிலிருந்து வருபவர்கள் மூடுபனி வந்தால் படம் கெட்டது என்று கலங்குகிறார்கள். நான் அதற்காகக் காத்திருப்பவன். நுண்ணிய நீர்த்துளிகள் வெயிலை எல்லாப் பக்கமும் சமமாகச் சிதறடிப்பதால், மெல்லிய துணி போர்த்திய விளக்குபோல் முகத்தில் நிழலே இல்லாத ஒளி விழும். கண்ணுக்குக் கீழே பள்ளம் தெரியாது, யாரும் கண்ணைச் சுருக்க மாட்டார்கள். பட்டுப் புடவைக்கு இதைவிடச் சிறந்த வெளிச்சம் கிடையாது. நேர் வெயிலில் ஜரிகை வெள்ளைப் புள்ளிகளாக வெடித்துத் தெரியும். மூடுபனியில் பட்டின் மினுக்கம் மடிப்பு மடிப்பாக ஓடும், ஜரிகை பொன்னாகவே இருக்கும். ஆனால் மூடுபனி நிறத்தைக் குடித்துவிடும், தூரம் கூடக் கூட இன்னும் அதிகமாகக் குடிக்கும். வெளிர்நிறம் உடுத்தியவர் நான்கு அடி பின்னால் நின்றாலும் பனியோடு பனியாகிவிடுவார். அரக்கும் கடுகு மஞ்சளும் கருநீலமும் அந்தச் சாம்பல் வெண்மையிலும் நின்று காட்டும். ஆகவே நான் மேலே சொன்ன நிறங்கள் வெயிலுக்கும் மூடுபனிக்கும் பொதுவாகப் பொருந்துபவை. எந்த வானிலை அமைந்தாலும் நீங்கள் மாற்றுடை தேட வேண்டியதில்லை. அப்பாவின் பால்மஞ்சள் வேட்டி மட்டும் பனியில் மங்கும். அப்போது அவரை முன்வரிசையில் அமர வையுங்கள்.

நெருக்கமான மெல்லிய கோடுகளும் சிறு கட்டங்களும் போட்ட சட்டைகளை ஆண்கள் தவிர்க்க வேண்டும். துணியின் வரிகளும் உணரியின் புள்ளிகளும் குறுக்கிட்டு, இல்லாத வானவில் அலைகள் சட்டையில் தோன்றும். பெரிய எழுத்தும் சின்னமும் அச்சிட்ட பனியன் வேண்டாம். பெரிய கட்டம் ஒருவருக்கு மட்டும் இருக்கலாம்.

குளிர் பற்றி நீங்கள் கடைசியாகக் கேட்டிருந்தாலும், படத்தைக் கெடுப்பதில் அதுவே முதலில் நிற்கிறது. ஜனவரி விடியலில் குன்னூரில் வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸை ஒட்டி இறங்குவது வழக்கம். ஊட்டியிலும் அதற்கு மேலும் உள்ள புல்வெளிகளில் உறைபனியே கொட்டும். குளிரில் நிற்பவருடைய தோள் காதை நோக்கி ஏறும், கைகள் தாமாகவே கட்டிக்கொள்ளும், உதடு வெளிறும், மூக்கு நுனி சிவக்கும், சிரிப்பு பல்லைக் கடிப்பதாகிவிடும். எந்த நிறப்பொருத்தமும் இதை ஈடுசெய்யாது. ஆகவே கதகதப்பை உடைக்கு வெளியே போட்டு மறைக்காமல் உள்ளே வைக்க வேண்டும். உள்ளே அணியும் மெல்லிய தெர்மல் உடைகளில் கழுத்து இறக்கமாக உள்ளவை பெண்களுக்குக் கிடைக்கின்றன. ரவிக்கையின் கழுத்து அளவைப் பார்த்து வாங்கினால் அது வெளியே தெரியாது. ரவிக்கையை முழுக்கையாகவோ முழங்கை தாண்டியோ தைத்துக்கொள்வது இன்னும் நல்லது. அரக்கு நிற வெல்வெட் முழுக்கை ரவிக்கை அம்மாவின் பச்சைப் பட்டுக்கு எவ்வளவு அழகாக இருக்கும் என்று தைத்துப் போட்ட பிறகு நீங்களே சொல்வீர்கள். புடவைக்குள் பாவாடைக்கு அடியில் கம்பளி லெகின்ஸ், காலுக்கு உறை. ஆண்களுக்கு வேட்டிக்குள்ளும் கால்சட்டைக்குள்ளும் தெர்மல். சட்டை ஒரு விரற்கடை தளர்வாக இருக்கட்டும், இல்லாவிட்டால் உள்ளே போட்டது புடைத்துத் தெரியும்.

வெளியே போட ஏதாவது வேண்டுமென்றால் அதையும் படத்தில் இருக்கும் உடையாகவே நினைத்துத் தேர்ந்தெடுங்கள். பளபளக்கும் நைலான் ஜெர்கின் எவ்வளவு நல்ல புடவையையும் சாதாரணமாக்கிவிடும். பழுப்பு, சந்தனம், கரும்சாம்பல் நிறங்களில் கம்பளி ஸ்வெட்டரோ சால்வையோ இருந்தால் அதையும் சேர்த்தே படம் எடுக்கலாம். ஊரில் கிடைக்கவில்லை என்றால், ஊட்டியில் தாவரவியல் பூங்காவுக்கு அருகே உள்ள திபெத்தியர் கடைகளில் பார்க்கலாம்.

சால்வை என்றதும் தோடர் பூவேலை நினைவுக்கு வருகிறது. வெண்பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்புமாகத் தோடர் பெண்கள் நூலெண்ணிப் போடும் அந்தப் பின்னலுக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நீலகிரியில் எடுக்கும் படத்தில் அப்படி ஒரு துண்டு இருப்பது இடத்தோடு பொருந்தும். உங்கள் அரக்கு, சந்தன வரிசைக்கும் ஒத்துப்போகும். ஆனால் அவர்களுடைய முழுப் போர்வையான பூத்துக்குளி அவர்களின் சடங்குகளில், இறுதிச் சடங்கு உட்பட, இடம்பெறும் உடை. அதை வாடகைக்கு வாங்கிப் போர்த்திக்கொண்டு வேடம்போல் படம் எடுப்பது முறையன்று. பூங்காக்களின் ஓரம் மலைவாழ் மக்களின் உடை என்று சொல்லி வாடகைக்குக் கொடுப்பவற்றை நான் என் வாடிக்கையாளர்களுக்கு ஒருபோதும் பரிந்துரைத்ததில்லை. விற்பதற்கென்று அந்தப் பெண்கள் பின்னிய சால்வையை உரிய விலை கொடுத்து வாங்கி அம்மாவின் தோளில் போடுங்கள். அது வேறு விஷயம்.

காற்றுக்கும் ஈரத்துக்கும் சில ஏற்பாடுகள் தேவை. சரிவுகளில் காலையில் வெயில் ஏறும்போது காற்று கீழிருந்து மேலே வீசும். ஒற்றை மடிப்பாக விட்ட முந்தானை முகத்தில் வந்து அடிக்கும். பட்டை மடிப்பு மடிப்பாகத் தோளில் பின் செய்து, கொசுவத்தையும் முழங்காலுக்குச் சற்று மேலே உட்புறமாக ஓர் ஊக்குக் குத்திச் சேர்த்துவிடுங்கள். ஜார்ஜெட்டும் ஷிஃபானும் காற்றில் உடலோடு ஒட்டிக்கொள்ளும், ஆகவே அவை வேண்டாம். தோட்டத்தில் ஒன்பது மணி வரையும் புல்லில் பனி ஈரம் இருக்கும். வேட்டியின் அடிவிளிம்பு அந்த ஈரத்தை உறிஞ்சி, செம்மண்ணைப் பிடித்துக்கொண்டால் நாலு விரல் உயரத்துக்குச் சிவந்துவிடும். ஒரு முறை படிந்துவிட்டால் அன்றைக்கு அது போகாது. அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஷூவோடு நடந்து இடத்துக்கு வந்த பிறகு இறக்கிவிட்டுச் செருப்பு மாற்றிக்கொள்ளட்டும். குதிகால் உயர்ந்த செருப்பு தேயிலைச் சரிவில் யாருக்கும் கூடாது. விடியலில் இந்தத் தோட்டங்களில் காட்டெருமை மேய்வதும் உண்டு. ஆகையால் அனுமதி வாங்கி, தோட்டத்து ஆள் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, நன்றாக வெளிச்சம் வந்தபின் இறங்குங்கள்.

அப்பா கண்ணாடி அணிபவரா என்று நீங்கள் எழுதவில்லை. அணிபவரென்றால், வெயிலில் தானாகக் கறுக்கும் கண்ணாடியா என்று பார்த்துவிடுங்கள். அந்த வகைக் கண்ணாடி புற ஊதாக் கதிர் பட்டுத்தான் கறுக்கிறது, குளிர் அதிகமானால் இன்னும் அடர்த்தியாகக் கறுக்கும், தெளிய நேரமும் எடுத்துக்கொள்ளும். மலையில் இரண்டும் சேர்ந்திருப்பதால், மேகமூட்டத்திலும்கூட அது புகைபிடித்தது போல் ஆகி, கண் தெரியாமல் போய்விடும். அறுபது வயது மனிதரின் படத்தில் கண்தான் எல்லாம். பழைய சாதாரணக் கண்ணாடி வீட்டில் எங்காவது இருக்கும்; அதைத் தேடி எடுத்து வாருங்கள், அதன் எண் சற்று மாறியிருந்தாலும் படத்துக்குப் பரவாயில்லை.

குழந்தைக்கு நிறத்தைவிட வசதியே முக்கியம். அரக்கிலோ கடுகு மஞ்சளிலோ கணுக்காலுக்கு மேல் நிற்கும் பாவாடை, உள்ளே பருத்தித் தெர்மல், மேலே பட்டன் போட்ட கம்பளி ஸ்வெட்டர் இருந்தால் போதும். புதிதாக வாங்கியதை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் போட்டுவிடாமல், ஊரிலேயே ஒரு முறை போட்டு விளையாட விடுங்கள். கழுத்தில் அரிக்கிறது என்று மலையில் அழுவதைத் தவிர்க்கலாம். காதை மூடும் குல்லாவை எடுக்கும் நேரத்தில் மட்டும் கழற்றுங்கள்.

கிளம்புவதற்கு முன் வீட்டிலேயே ஒரு சோதனை செய்துபாருங்கள். ஏழு பேரின் துணிகளையும், அவர்கள் நிற்கப்போகும் வரிசையில், சன்னல் வெளிச்சம் விழும் கட்டிலில் பரப்பிவைத்துக் கைப்பேசியில் ஒரு படம் எடுங்கள். பிறகு அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். நிறம் போன பிறகு எஞ்சுவது வெளிச்ச அளவு மட்டுமே. அடுத்தடுத்து வரும் இருவரின் துணி ஒரே சாம்பலாகத் தெரிந்தால் வரிசையை மாற்றுங்கள், துணியை மாற்ற வேண்டியதில்லை. மொத்தத்தில் ஒரே ஒரு துணி மட்டும் பளீரென்று வெளுத்துத் தெரிந்தால், பார்க்கிறவர் கண் அங்கேதான் முதலில் போகும்; அது அப்பாவுடையதாகவோ அம்மாவுடையதாகவோ இருந்தால் நல்லது, மாப்பிள்ளையின் சட்டையாக இருந்தால் அதை மாற்றிவிடுங்கள். இன்னொரு படத்தை வாசல் நிழலில், வேட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு எடுத்தால் அது நீலம் பாய்கிறதா என்பதும் தெரிந்துவிடும்.

இவ்வளவையும் உங்கள் படக்காரரிடம் முன்னதாகவே பேசிவிடுங்கள். அவர் ஒரே நீலம் என்று சொன்னது குடும்பம் ஒன்றாகத் தெரிய வேண்டும் என்ற அக்கறையில்தான். புடவையின் படத்தையும் கட்டிலில் எடுத்த படத்தையும் அனுப்பினால் அவரே மகிழ்ச்சியாக ஒப்புக்கொள்வார். ஜனவரி நடுவில் இங்கே சூரியன் ஆறே முக்காலை ஒட்டி எழும், மலை முகட்டைத் தாண்டிச் சரிவில் வெயில் விழ இன்னும் சற்று நேரமாகும். அந்த முதல் வெயில் மஞ்சளாகவும் தாழ்வாகவும் இருக்கும் வரை ஏழு பேரும் சேர்ந்த படத்தைத் தோட்டத்துப் பாதையில் எடுத்து முடித்துக்கொள்ளுங்கள். பூங்கா திறந்ததும் அங்கே போய், வெயில் கடுமையாவதற்குள் அப்பா அம்மா படத்தை மரநிழலில் எடுக்கலாம். தோட்டத்தில் இறங்கும்போதே மூடுபனி கவிந்திருந்தால் அப்பா அம்மா படத்தை அங்கேயே, அப்போதே எடுக்கச் சொல்லுங்கள். பட்டுக்கு அந்த வெளிச்சம் கிடைக்கும்போது விட்டுவிடக் கூடாது. வெயில் ஏறினால் பனி விலகிவிடும், குழுப் படத்தை அதற்குப் பிறகும் எடுத்துக்கொள்ளலாம்.